ஒரே எண்ணில் இரண்டு பாட்டு

ஒரே ஒரு விநாடிதான் கூடியிருந்தது.

நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி என்று பத்தொன்பது வருடமாக அடி பிசகாமல் வந்துகொண்டிருந்த ஒரு பாட்டு, அந்த வாரம் வானொலி நிலையங்கள் அனுப்பிய பட்டியலில் நான்கு நிமிடம் ஐம்பத்துமூன்று என்று வந்திருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் கண் தாண்டிப் போயிருக்கும். பார்த்தவள் நம்பர் அக்கா.

அந்த இசை நிறுவனத்தில் முதலாளியிலிருந்து தரை துடைக்கிற அம்மா வரை அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாட்டுகளுக்கு எண் போடுவது அவள் வேலை. குழந்தை பிறந்தால் பெயர் வைக்கிறோம் இல்லையா, அதுபோலப் பதிவாகி வருகிற ஒவ்வொரு பாட்டுக்கும் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமுமாக ஓர் அடையாளம் வைக்க வேண்டும். நாட்டுக்கு இரண்டு எழுத்து, நிறுவனத்துக்கு மூன்று, வருடத்துக்கு இரண்டு இலக்கம், கடைசியில் ஐந்து இலக்கத்தில் வரிசை எண். இசைத்தட்டு உறையின் பின்னால் கறுப்புக் கோடுகளாக இருக்கிற பார்கோடு தட்டு முழுவதற்கும் பொது. இந்தப் பன்னிரண்டு மட்டும் ஒரு பாட்டுக்கே சொந்தம். உலகத்தின் எந்த மூலையில் அது ஒலித்தாலும் இதை வைத்துத்தான் இன்னார் பாடிய இன்ன பாட்டு என்று சொல்வார்கள்.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பாட்டுக்குக் கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பாட்டே தொலைந்துபோனாலும் எண் அதனுடையதுதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். சொல்லும்போது மட்டும் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ஒரு விநாடி கூடியிருந்தது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நாற்பத்தேழாம் எண். கல்யாண மண்டபம், பேருந்து, சலூன் என்று எங்கே போனாலும் காதில் விழுகிற பாட்டு. கேட்டதும் கால் தாளம் போடும். நம்பர் அக்கா மட்டும் அது ஒலிக்கிற கடைக்குள் நுழைந்தால் வாங்க வந்ததை மறந்து வெளியே வந்துவிடுவாள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவு அறைக்குப் போனாள். அங்கே இருந்தவருக்குக் காதுக்காரர் என்று பெயர். நூறு பேர் பாடுகிற கும்பலில் ஒருத்தர் சுருதி விலகினாலும் விரலை நீட்டிக் காட்டிவிடுவார்.

"நாற்பத்தேழு ஒரு விநாடி கூட வந்திருக்கு," என்றாள்.

"எந்த ஸ்டேஷன்ல?"

"எல்லா ஸ்டேஷன்லயும்."

"பத்தொன்பது வயசாச்சுல்ல நம்பர் அக்கா. பாட்டுக்கும் இடுப்பு பெருக்கத்தான் செய்யும்." அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "யாராவது முன்னாடி பின்னாடி இழுத்து விட்டிருப்பாங்க. விடுங்க."

விட்டாள். அடுத்த வாரம் ஐந்து நிமிடம் பத்து விநாடி வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஆறு நிமிடம் நான்கு. ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டுக் கேட்டாள். எல்லாரும் ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். பாட்டு எப்போதும் போலத்தான் முடிகிறதாம். எந்தப் பாட்டு ஒலிக்கிறது என்று கேட்டுக் குறிக்கிற மெஷின்தான் அதற்குப் பிறகும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறதாம். ஒரு பெண் அறிவிப்பாளர் மட்டும் கொஞ்சம் தயங்கி, "முடிஞ்சதும் நான் உடனே பேச ஆரம்பிச்சிடறேங்க. அந்த இடத்துல சும்மா இருக்கப் பிடிக்கல," என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பி வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், நம்பர் அக்கா கேட்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாலு பேர் உட்காரலாம், அவ்வளவு சின்ன அறை. சுவரெல்லாம் முட்டைத் தட்டு போலப் பஞ்சு ஒட்டியிருக்கும். பேசினால் குரல் வாயை விட்டு நகராமல் உதட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியே வெயில் கொளுத்துவதும், வண்டிகள் ஹாரன் அடிப்பதும், பக்கத்துக் கட்டடத்தில் துளை போடுவதும் அந்தக் கதவைச் சாத்தியதும் கத்தரித்தாற்போல நின்றுவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்பத்தேழாம் எண்ணின் மூலப் பதிவைப் போட்டாள். நீளம் நான்கு ஐம்பத்திரண்டு என்றே இருந்தது. பாட்டு ஓடியது, முடிந்தது. திரையில் ஓடிய கோடு கடைசிக்குப் போய் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

சத்தம் என்றும் அதைச் சொல்ல முடியாது. ஓர் அறை இருந்தது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு புது இடத்தில் நின்றால் அந்த இடம் பெரிதா சிறிதா என்று காதுக்குத் தெரியும் இல்லையா, அப்படித் தெரிந்தது. உயரமான கூரை. மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி. அதில் ஓர் இறக்கை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாக இடித்துக்கொண்டது. எங்கோ நீளமான நடையில் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று போனது. மருந்துப் பஞ்சின் குளிர்ந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. ஹெட்போனில் வாடை வராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அந்த அறையில், ரொம்பக் கிட்டத்தில், யாரோ இருமாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்த இடிக்கிற விசிறியை அவளுக்குத் தெரியும். பதினோரு நாள் அதன் கீழே உட்கார்ந்திருந்தாள்.

காதுக்காரரைக் கூட்டிவந்து கேட்கச் சொன்னாள். அவர் இரண்டு தரம் கேட்டார்.

"சுத்தமா இருக்கு. முடிஞ்ச பிறகு ஒண்ணுமே இல்ல."

"விசிறிச் சத்தம்?"

"நம்பர் அக்கா, நீங்க லீவு எடுத்து எத்தனை நாளாச்சு?" என்றார் அவர், கேலி இல்லாமல்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது குட்டி கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குட்டி என்பது அவள் தங்கை மகள். தங்கை இறந்தபோது ஒரு வயது, இப்போது இருபது. அப்பாக்காரர் வேறு குடும்பம் என்று ஆகிவிட, பெரியம்மாதான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வளர்த்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி.

"பெரியம்மா, இங்க பாருங்களேன்," என்று குட்டி ஒரு பழுப்பேறின சீட்டை நீட்டினாள். "அம்மாவோட ஆஸ்பத்திரி ஃபைல்ல இருந்துச்சு. இது உங்க ஆபீஸ் நம்பர் மாதிரி இல்ல?"

மருந்துச் சீட்டு. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும். கடைசி இரண்டு இலக்கம் நான்கும் ஏழும். கீழே, 'என் பாட்டு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. மூச்சு முட்டுகிறவளின் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் ஓய்வு எடுத்துக்கொண்டு எழுதியது.

"அம்மா பாடுவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"கொஞ்சம் பாடுவா."

"அந்த நம்பரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். வேற பாட்டு வருது பெரியம்மா. அதான், அந்த டிங்கு டிங்குன்னு வருமே, அது." குட்டி சிரித்தாள். "நம்பரை அம்மா தப்பா எழுதிட்டாங்களோ?"

நம்பர் அக்கா அடுப்பங்கரைக்குப் போவதுபோலத் திரும்பிக்கொண்டாள். "இருக்கும்," என்றாள்.

"உங்க ஆபீஸ்ல தேடினா கிடைக்கும்தானே? எனக்கு அம்மா குரலே தெரியாது பெரியம்மா. போட்டோ இருக்கு, புடவை இருக்கு. குரல் இல்ல. போகும்போது அதை மட்டும் எடுத்துட்டுப் போறேன். வேற எதுவும் கேட்க மாட்டேன்."

"தேடறேன்டி," என்றாள். அந்த ஒரு வார்த்தையை வாயில் இருந்து எடுப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். தங்கைக்கு நுரையீரலில் கோளாறு. பிள்ளை பெற்ற பிறகு அதிகமானது. ஆனாலும் அவளாகவே எழுதி, அவளாகவே மெட்டுப் போட்ட ஒரு பாட்டை அக்கா வேலை செய்கிற இடத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை. அப்போது எட்டுப் பாட்டுள்ள ஒரு தட்டு தயாராகிக்கொண்டிருந்தது. அக்கா முதலாளியிடம் கெஞ்சி ஓர் இடம் வாங்கினாள். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து பாடினாள். கடைசி வரி நீளமானது. அதற்கு முன்னால் வந்து இருமிவிட்டாள். மூன்று நிமிடம் முப்பத்தெட்டு விநாடியோடு பதிவு நின்றது.

"ரெண்டா உடைச்சுப் பாடிடு, ஒட்டிக்கலாம்," என்று அக்கா சொன்னாள்.

"ஒரே மூச்சுல பாடணும் அக்கா. உடைச்சா வரி செத்துடும். உடம்பு தேறட்டும், வந்து அந்த வரியை மட்டும் பாடறேன். நீ பத்திரமா வச்சிரு."

வைத்திரு என்றால் வைத்திருக்க வேண்டியதுதானே. எட்டாவது பாட்டு பாதியில் நிற்கிறது என்று முதலாளி கத்தினார். வேறு ஒருவரைப் பாடவைத்து ஒரு துள்ளல் பாட்டு வந்து சேர்ந்தது. ஆனால் எட்டு எண்களின் பட்டியல் முன்பே தட்டு அச்சிடும் ஆலைக்குப் போயிருந்தது. மாற்ற வேண்டுமென்றால் ஆலைக்கு எழுத வேண்டும், முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அவர் வாயில் விழ வேண்டும். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வேறு போக வேண்டும். நம்பர் அக்கா புதுப் பாட்டைத் தங்கையின் பாட்டுக்குக் கொடுத்திருந்த நாற்பத்தேழு என்ற எண்ணிலேயே போட்டாள். கணினி கேட்டது: 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு பதிவு உள்ளது. பழையதை அழித்துப் புதியதை வைக்கவா?'

ஆம் என்று அழுத்தினாள்.

எங்கேயோ பிரதி இருக்கும் என்று நினைத்தாள் என்று சொன்னால் பொய். இல்லை என்று தெரியும். இவள் எங்கே திரும்பி வந்து பாடப் போகிறாள் என்று நினைத்தாள். அதுதான் நிஜம். படுக்கையில் உயிரோடு இருக்கிற தங்கையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அந்த விசையை அழுத்தினாள்.

தங்கை அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். தினமும் ஒன்றையே கேட்டாள். "என் பாட்டு பத்திரமா இருக்கா அக்கா?" இருக்கு. "அதுக்கு நம்பர் போட்டாச்சா?" போட்டாச்சு. "சொல்லு, எழுதி வச்சுக்கறேன்." பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னவள் அக்காதான். எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தவளும் அக்காதான்.

இந்தச் சேதி வேறு ஒரு ஜீவனுக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக நெஞ்சில் கல்லைப் போல அல்ல, பல்லிடுக்கில் நாரைப் போல உறுத்திக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும் இருந்தது, தூங்கும்போதும் இருந்தது.

அந்த வாரம் அவள் முடிந்ததெல்லாம் செய்தாள். பழைய வட்டுகள், கிடங்கில் பூஞ்சை பிடித்த நாடாக்கள், செத்துப்போன கணினிகளின் உறுப்புகள் எல்லாவற்றையும் கிளறினாள். கிடைக்கவில்லை. துள்ளல் பாட்டுக்குப் புதிதாக ஓர் எண் கொடுத்து, நாற்பத்தேழைக் காலியாக்கினாள். காலையில் வந்து பார்த்தால் பழையபடியே இருந்தது. மறுபடி மாற்றினாள். மறுபடி இருந்தது. மூன்றாம் தரம் மாற்றியபோது கணினி அவள் இதுவரை பார்த்திராத ஒன்றைக் கேட்டது. 'இந்த எண்ணில் பதிவு நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் மாற்றவும்.'

வெள்ளிக்கிழமை வந்த பட்டியலில் எட்டு நிமிடம் முப்பது விநாடி. நான்கு ஐம்பத்திரண்டையும் மூன்று முப்பத்தெட்டையும் கூட்ட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

அன்றே குட்டியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சோறு போட்டுக்கொண்டே சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். "பெரியம்மா, கிடைச்சிடுச்சா? முகம் என்னமோ மாதிரி இருக்கே, எனக்கு ஆச்சரியம் குடுக்கப் பார்க்கறீங்களா?" என்று அந்தப் பெண் முகத்தை மலர்த்திக்கொண்டு கேட்டாள். "நாளைக்கு மத்தியானம் ஆபீசுக்கே வந்துடறேன். நீங்க போடுங்க, நான் கேட்கறேன்." நம்பர் அக்கா திறந்த வாயில் ஒரு கவளத்தைப் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கெல்லாம் கட்டடம் காலியாகிவிட்டது. காதுக்காரர் போகும்போது, "பூட்டிட்டுப் போங்க நம்பர் அக்கா. கேட்பறையில அந்த மெஷினை மட்டும் அணைக்காதீங்க, ராத்திரி ஓட விட்டிருக்கேன்," என்றார்.

அது கேட்டுச் சொல்கிற மெஷின். ஒரு மைக்கும் ஒரு திரையும்தான். அறையில் எந்தப் பாட்டு ஒலித்தாலும் கேட்டு, இன்ன எண், இன்ன பாட்டு, இத்தனையாவது விநாடியில் போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டும். ஒன்றும் ஒலிக்காவிட்டால், 'பாட்டு எதுவும் கேட்கவில்லை' என்று போட்டபடி சும்மா இருக்கும்.

குட்டி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சொல்லப்போவதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பர் அக்கா கேட்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இரட்டைக் கண்ணாடி போட்ட சின்னச் சன்னலுக்கு வெளியே பளீரென்று மத்தியானம். வெயிலில் ஒரு காகம் கைப்பிடிச் சுவரில் அலகைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

திரையைப் பார்த்தாள்.

எண் இருந்தது. பன்னிரண்டும். கடைசியில் நான்கும் ஏழும். பாட்டின் பெயர் என்ற இடத்தில், 'என் பாட்டு'. பாடியவர் என்ற இடத்தில் தங்கையின் பெயர். நீளம் மூன்று முப்பத்தெட்டு. அதற்குக் கீழே ஓடுகிற கணக்கு: மூன்று நிமிடம் ஐந்து விநாடி.

அறையில் எதுவும் ஒலிக்கவில்லை. ஒலிபெருக்கிகளின் ஒயரைப் பிடுங்கினாள். ஹெட்போனின் ஒயரையும் பிடுங்கினாள். பாட்டுப் போடும் கணினியையே அணைத்தாள். மூன்று ஏழு. மூன்று எட்டு.

கணக்கு சீராக ஓடவில்லை. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. நகர்ந்தது, நின்றது. எதனோடோ ஒத்துப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ரொம்ப நேரம் எதனோடு என்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அவள் மூச்சு இழுத்தால் நகர்ந்தது.

மூச்சை அடக்கினாள். நின்றது.

விட்டாள். மறுபடி இழுத்தாள், மூன்று பதினொன்று.

"அப்பா, என்ன வெயில்," என்று கதவைத் திறந்துகொண்டு குட்டி உள்ளே வந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. "ரெடியா பெரியம்மா? இதைத்தானே மாட்டிக்கணும்?"

"குட்டி, இரு. முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, சொல்லுங்க." சொல்லிக்கொண்டே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே அவள் முகம் மாறிவிட்டது.

அந்த முகத்தை நம்பர் அக்கா அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு வயதுப் பிள்ளையின் முகம், தூக்கத்தில் இருந்து எழுந்து, இருட்டில் தேடி, கை பட்டுவிட்ட முகம்.

"அந்தப் பாட்டு இல்லடி," என்றாள். குரல் உதட்டிலேயே நின்றது. "நான்தான் அழிச்சேன். உங்கம்மா உயிரோட இருக்கும்போதே அழிச்சேன். இருக்கு இருக்குன்னு பொய் சொன்னேன். கேட்குதா? குட்டி."

குட்டி அவள் கையைத் தட்டி, சும்மா இருங்கள் என்பதுபோல விரலை உயர்த்தினாள். கண்ணில் நீர். "எவ்வளவு கிட்டக்கப் பாடறாங்க பெரியம்மா," என்றாள். ஹெட்போன் போட்டவர்கள் பேசுகிற மாதிரி உரக்க. "காதுல பாடற மாதிரியே இல்ல. நெஞ்சுக்குள்ள பாடறாங்க."

மூன்று இருபத்தைந்து.

சொல்வதற்காக இழுத்த மூச்செல்லாம் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. இழுக்கிறாள். மார்பு நிறையவில்லை. இன்னும் இழுக்கிறாள். உள்ளே போகிற காற்று வேறு யாருக்கோ போகிறது. போகட்டும் என்று நினைத்தாள். பத்தொன்பது வருடம் கழித்து இதையாவது கொடுக்கிறேன். எடுத்துக்கொள்.

மூன்று முப்பத்தைந்து. மூன்று முப்பத்தாறு.

மூன்று முப்பத்தெட்டு.

நின்றது.

"நின்னுடுச்சே," என்றாள் குட்டி. "இவ்வளவுதானா? இன்னும் ஒரு வரி இருக்கற மாதிரி இருக்கே."

"இவ்வளவுதான் பாடினா. கழட்டு. குட்டி, கழட்டிடு."

குட்டி கழற்றவில்லை. இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

நம்பர் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். ஒரு சொட்டுக் காற்று போகக் கூடாது. கண் திரையில். மூன்று முப்பத்தெட்டு. மூன்று முப்பத்தெட்டு. காதில் ரத்தம் இரைந்தது. நெஞ்சு எரிந்தது. விடவில்லை. விடவே இல்லை.

மூன்று முப்பத்தொன்பது.

அவள் விடவில்லை.

மூன்று நாற்பது.

திரும்பிப் பார்த்தாள்.

குட்டி கண்ணை மூடிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே. இன்னும் உள்ளே. வெளியே விடவில்லை. தோள் இரண்டும் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன. உதடுகள் அசைந்தன, அவள் என்றைக்கும் கேட்டிராத, யாரும் என்றைக்கும் பதிவு செய்யாத அந்த நீளமான கடைசி வரியை உடைக்காமல் பாடியபடி. மடியில் இருந்து தரைக்கு இறங்கிய ஹெட்போன் ஒயரின் நுனி எதிலும் சொருகப்படாமல் கிடந்தது.

மூன்று நாற்பத்துநான்கு.

உதட்டின் ஓரம் நீலம் பூத்துக்கொண்டு வந்தது. குட்டி சிரித்தபடி இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தாள்.